மூன்று டேப், ஒரு வீடு: குமுளி டீச்சருக்குப் பதில்

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது குமுளியில் இருக்கிறோம். போனில் படித்துப் படித்துக் கண் வலிக்கிறது. பழைய தமிழ் நூல்களின் பிடிஎஃப், வார இதழ்கள் படிக்க, யூடியூப் பார்க்க, துபாயில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச ஒரு டேப் வேண்டும். வீட்டுக்காரர் ஏலக்காய் விலை பார்ப்பார். வண்டன்மேட்டுத் தோட்டத்துக்கும் எடுத்துப்போகலாமே என்கிறார். லீவுக்கு வரும் பேரன் படம் வரைவான். மருமகன் ஐபேட்தான் வாங்க வேண்டும் என்கிறார், துபாயிலிருந்தே வாங்கி வரவும் தயார். கம்பத்தில் இருக்கும் தம்பி மகன் ஷாவ்மி பேட் 7 என்கிறான். கடைக்காரர் சாம்சங் டேப் ஏ11 பிளஸ், சிம் போடும் மாடலை எடுத்து வைத்திருக்கிறார். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் பி.எஸ்.என்.எல். ஃபைபர் உண்டு, மழைக்காலத்தில் கரண்டு போனால் அதுவும் போய்விடும். எதை வாங்குவது?

பதில்: டீச்சர், உங்கள் தம்பி மகன் சொன்னதையே வாங்குங்கள். அவர் வேகத்துக்காகச் சொல்லியிருப்பார். நான் சொல்வது உங்கள் கண்ணுக்காக. மூன்றிலும் யூடியூப் ஒரே மாதிரிதான் ஓடும், வீடியோ அழைப்பும் அப்படியே. பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஸ்கேன் பக்கத்தைத் திறக்கும்போதுதான் இவை பிரிகின்றன.

திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைப் பிபிஐ என்பார்கள். 11 அங்குல சாம்சங் ஏ11 பிளஸ்ஸில் 1920க்கு 1200 புள்ளிகள். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 206. ஐபேடில் 264. ஷாவ்மி பேட் 7, 11.2 அங்குலத் திரைக்குள் 3200க்கு 2136 புள்ளிகளை வைத்திருப்பதால் 340ஐத் தாண்டுகிறது. செய்தித் தளம், வாட்ஸ்ஆப் போன்றவற்றில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அங்கே 206 தாராளம். ஸ்கேன் பிடிஎஃப் என்பது படம். அதில் எழுத்தளவு அமைப்பு எதுவும் செல்லாது; பக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுதான் எழுத்து. தமிழில் இது கூடுதலாக உறுத்தும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் க்-கும் க-வும் ஒன்றாகிவிடும். ன, ண சுழி எண்ணிக்கை கலங்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் லை, ணை, னை எல்லாம் துதிக்கை வைத்து நிற்கும், றா, ணா, னா சுருண்டு கிடக்கும். மை பரவிய பழைய அச்சு, அதன் மேல் ஸ்கேன், அதன் மேல் புள்ளி குறைந்த திரை. மூன்றும் சேர்ந்தால் கண் தானாக எழுத்தைத் தேட ஆரம்பிக்கும். உங்கள் கண் வலியில் ஒரு பங்காவது அந்தத் தேடலாக இருக்கும். (கண்ணாடி பவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், டேப் வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.)

திரையின் அளவில் மூன்றுக்கும் பெரிய பேதமில்லை. நம் பழைய நூல்கள் பெரும்பாலும் டெம்மி அளவு, அதாவது ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். டேபை நிமிர்த்திப் பிடித்தால் சாம்சங் திரை 14.8 செ.மீ. அகலம், ஐபேட் 15.7, ஷாவ்மி 15.8. மூன்றிலும் டெம்மிப் பக்கம் முழு அளவில் அடங்கும். ஏ4 பக்கம்தான் சுருங்கும்: சாம்சங்கில் 70 சதவீதம், மற்ற இரண்டிலும் 75 சதவீதம். வார இதழ் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். நாளிதழின் மின்பதிப்பு எதிலும் முழுதாகப் படிக்க ஆகாது. படுக்கைவாக்கில் பிடித்து, பத்தி பத்தியாக விரித்துத்தான் படிக்க வேண்டும். விலை குறைகிறதே என்று 8.7 அங்குல டேபுக்குப் போய்விடாதீர்கள். அதன் அகலம் சுமார் 11 செ.மீ.தான், டெம்மிப் பக்கமே 80 சதவீதமாகச் சுருங்கும். அந்த விலையில் வருபவை பலவற்றில் பிபிஐ 180ஐத் தொடுவதில்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இறக்கும் ஸ்கேன் நூல்கள் பல, நூறு எம்பிக்குக் குறையாமல் இருக்கும். ரேம் (டேப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 4 ஜிபி மட்டும் உள்ள டேபில் பக்கம் புரட்டினால் வெள்ளையாக நின்று, பிறகு மெல்லத் தெளியும். குறைந்தது 6 ஜிபி ரேம் வேண்டும், 8 இருந்தால் நிம்மதி. பேட் 7இன் அடிப்படை மாடலே 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு. அறிமுகமானபோது விலை 27,999. மெமரி கார்டு போட இடமில்லை. சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக 100 ஜிபி மிஞ்சும் என்று வைத்தால்கூட, நூறு எம்பி வீதம் ஆயிரம் புத்தகம் கொள்ளும். மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பின் நூல்கள் தட்டச்சு செய்யப்பட்டவை என்பதால் மிகச் சிறியவை, அவற்றைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

இதே பேட் 7இல் நானோ டெக்ஸ்சர் என்று ஒரு பதிப்பு 32,999க்கு வந்தது. திரை மினுங்காது, ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு நல்லது. உங்கள் வரம்பைத் தாண்டுகிறது என்பதோடு, அந்தப் பூச்சு எழுத்தின் கூர்மையைச் சற்றே மழுக்கும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வது மலிவு.

இப்போது மருமகனின் ஐபேட். அது மோசமான தேர்வு அல்ல. 2025இல் வந்த, ஏ16 சிப் உள்ள அடிப்படை ஐபேட் 128 ஜிபி, அறிமுக விலை 34,900. திருவிழாத் தள்ளுபடியில் இறங்கும். அதன் பலம் ஆயுள். 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2025இல்தான் புதிய ஐபேட்ஓஎஸ் (ஐபேடின் இயங்குதளம்) நின்றது, அதாவது ஆறு வருடம். வாட்ஸ்ஆப்பும் 2025 மே முதல் ஐபேடுக்கென்றே கிடைக்கிறது. ஆனால் "மகளோடு ஃபேஸ்டைமில் பேசலாம்" என்பதுதான் அவர் சொல்லும் காரணம் என்றால், அந்தக் காரணம் நிற்காது. அமீரகத்தில் இணைய அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஃபேஸ்டைம், வாட்ஸ்ஆப் அழைப்பு இரண்டுமே அங்கே இருப்பவருக்குப் பொதுவாக எடுக்காது. அனுமதி உள்ள ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவைதான் வழி, அவை மூன்று டேபிலும் ஓடும். இப்போது மகளோடு போனில் எந்த ஆப்பில் பேசுகிறீர்களோ, அது டேபிலும் வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்து வாங்கி வருவதும் வேண்டாம். அங்கே வாட் 5 சதவீதம், இங்கே ஜிஎஸ்டி 18 சதவீதம். விலை குறைவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அமீரகத்தில் விற்ற ஐபேடில் ஃபேஸ்டைம் அடைபட்டே இருக்கலாம், ஊருக்குக் கொண்டு வந்தாலும் திறக்காது. சாம்சங் என்றால் சிம் மாடலுக்கு வட்டாரப் பூட்டு இருக்கும். விற்ற நாட்டு சிம்மைப் போட்டு முதலில் இயக்காவிட்டால் நம்மூர் சிம்மை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். வாரண்டிக்கும் இங்கே வாதாட வேண்டிவரும். சார்ஜர் பிளக்கும் பட்டை முள், மூன்று முனை. கேரளத்தில் வளைகுடா வீடுகள் அதிகம் என்பதால் அதற்கான அடாப்டர் குமுளியிலேயே கிடைக்கும், ஆனால் தளர்வான அடாப்டரில் இரவெல்லாம் சார்ஜ் போடுவது நல்லதல்ல. மருமகன் பணமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐபேடைப் பற்றி இன்னும் இரண்டு. அடிப்படை ஐபேடில் மேல் கண்ணாடியும் உள்திரையும் ஒட்டப்படாதவை. அதனால் பிரதிபலிப்பு கொஞ்சம் கூடும். கீழே போட்டு உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற வாய்ப்பிருக்கிறது என்பது இதன் மறுபக்கம். ஒட்டிய திரை என்றால் மொத்தத் திரையையும் மாற்ற வேண்டும். சிம் வசதி உள்ள ஐபேட் அறிமுகத்தில் 49,900. அதிலும் சிம் தட்டு இல்லை, இசிம் (உள்ளேயே பதித்த, கழற்ற முடியாத சிம்) மட்டும், சாதாரண அழைப்பும் பேச முடியாது. அதை மறந்துவிடுங்கள். பட்ஜெட் 35,000 ஆகி, ஆறேழு வருடம் வேறு டேபே வாங்கமாட்டேன் என்றால் வை-ஃபை ஐபேட் சரியான பதில்தான்.

கடைக்காரர் காட்டும் ஏ11 பிளஸ்ஸுக்கு வருவோம். ஏழு ஆண்ட்ராய்டு மேம்பாடு, ஏழு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சாம்சங் சொல்லியிருக்கிறது; இந்த விலையில் அது பெரிய விஷயம். மெமரி கார்டு போடலாம், சிம் போடலாம். குறை அந்த 206தான். வீட்டில் ஃபைபர் இல்லாமல் இருந்தாலோ, நீங்கள் பாதி நாள் தோட்டத்தில் தங்குபவராக இருந்தாலோ தயங்காமல் இதைச் சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தேவையானது புத்தடியிலும் போடியிலும் நடக்கும் மின் ஏலத்தின் அன்றைய வரத்து, உச்ச விலை, சராசரி விலை. ஸ்பைசஸ் போர்டு தளத்தில் இருக்கும் அந்தச் சின்ன அட்டவணைக்குப் போன் திரையே போதும். தோட்டத்தில் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டேபை இணைக்கலாம். போனுக்கு எட்டாத டவர் டேபில் போட்ட அதே கம்பெனி சிம்முக்கு மட்டும் எட்டிவிடாது. சரிவின் அந்தப் பக்கம் போனால் இரண்டும் ஒன்றாகத்தான் ஊமையாகும். தனி சிம் என்றால் மாதாமாதம் தனி ரீசார்ஜ் வேறு. கம்பத்தில் வாங்கிய தமிழ்நாட்டு சிம் குமுளியில் கேரள டவரைப் பிடித்தாலும் இப்போது உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லை, ஆகவே அதற்காகவும் புது சிம் வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஜிபே, போன்பே போன்ற யுபிஐ ஆப்களை டேபில் வைக்க நினைக்காதீர்கள். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே கருவியில் இருந்தால்தான் அவை பதிவாகும். பணம் போனிலேயே இருக்கட்டும்.

சிம்மைவிட உங்களுக்கு உதவப்போவது மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ். கரண்டு போகும்போது ஃபைபர் பெரும்பாலும் சாவதில்லை, உங்கள் வீட்டு மோடம்தான் அணைகிறது. மோடத்தின் அடாப்டரைப் புரட்டி, "அவுட்புட்" என்ற இடத்தில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள மினி யுபிஎஸ்ஸைக் கேட்டு வாங்குங்கள். வோல்ட் மாறினால் மோடம் கெட்டுப்போகலாம். ஆம்பியர் குறைந்தால் மோடம் அணைந்து அணைந்து எரியும், குற்றம் பி.எஸ்.என்.எல்.மேல் விழும். மோடம் 10 வாட் இழுக்கிறது, யுபிஎஸ் பேட்டரி 32 வாட்-மணி என்றால் மூன்று மணி நேரம் வரும். தெருமுனைப் பெட்டியிலும் கரண்டு இல்லாத நாளில் இதுவும் பலிக்காது, அன்றைக்கு ஹாட்ஸ்பாட்தான்.

பேரனின் படம்: பேட் 7க்கு ஷாவ்மியின் சொந்தப் பேனா தனியாக வாங்க வேண்டும். ஐபேடுக்கும் தனிதான், ஆப்பிளின் யுஎஸ்பி-சி பென்சில் அறிமுகத்தில் 7,900. ஏ11 பிளஸ்ஸில் சாம்சங்கின் எஸ் பென் பேனா வேலையே செய்யாது. லீவுக்கு மட்டும் வருபவன் என்பதால் இப்போதைக்கு ரப்பர் முனைப் பேனா ஒன்று போதும், அது எல்லாத் திரையிலும் எழுதும். கை பதிந்தால் கோடு விழும், அவ்வளவுதான். ஒரு லீவு முழுக்க விடாமல் வரைந்தானென்றால் அப்போது நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஷாவ்மியின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு, அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று பாருங்கள். அங்கே போன் செய்து, "டேபும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள், போன் மட்டும் பார்க்கும் இடங்கள் உண்டு. நீங்கள் போய்வரக்கூடிய ஊரில் இல்லையென்றால் என் பதில் மாறும்: படிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து சாம்சங், அல்லது காசு கூட்டி ஐபேட். இந்தச் சோதனையைச் சாம்சங்குக்கும் ஆப்பிளுக்கும் செய்துவிடுங்கள்.

நீங்கள் அடிக்கடி படிக்கும் ஸ்கேன் புத்தகத்தில், அச்சு மிக மோசமான பக்கம் ஒன்றை உங்கள் போனில் எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் டெமோ டேபுக்கு அதை அனுப்பித் திறந்து, வீட்டில் பிடிக்கும் தூரத்தில் வைத்து, விரிக்காமல் ஒரு பக்கம் முழுக்கப் படியுங்கள். கடைக்காரர் ஓட்டிக்காட்டும் மீன்தொட்டி வீடியோவில் எல்லாத் திரையும் அழகுதான். பிறகு ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்து கறும்புள்ளி, ஓரத்தில் மஞ்சள் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் டேபின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். கம்பத்தில் வாங்கினாலும் குமுளியில் வாங்கினாலும் வரி ஒன்றே; கேரளத்தில் ஓணம் தள்ளுபடி, அந்தப் பக்கம் தீபாவளித் தள்ளுபடி, எல்லைக்காரர்களுக்கு இரண்டும் கிடைக்கும் வசதி உண்டு.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை சில. ஷாவ்மியில் விளம்பரம் எட்டிப்பார்க்கும். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் அனுமதி திரும்பப் பெறும் பட்டியல் இருக்கும். அதில் எம்எஸ்ஏ (msa) என்ற பெயரை அணையுங்கள். பத்து நொடி காக்கவைத்து, முடியவில்லை என்று சொல்லும். விடாமல் இரண்டு மூன்று தடவை அழுத்தினால் அணையும். ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழ், மலையாளம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள், உலக உருண்டைப் பொத்தானைத் தட்டினால் மாறும். மைக் பொத்தானில் இரண்டு மொழியிலும் பேசியே எழுதலாம். அக்ஷயா மையத்துக்கு (கேரள அரசின் இ-சேவை மையம்) மலையாளத்தில் ஏதாவது அனுப்ப வேண்டி வந்தால் உதவும். வாட்ஸ்ஆப்பை இணைந்த கருவியாகச் சேருங்கள், எண் போனிலேயே இருக்கும். போனில் 14 நாள் வாட்ஸ்ஆப்பைத் திறக்காமல் விட்டால் டேபில் தானாக வெளியேறிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். முன் கேமரா நீளப் பக்கத்தில் இருப்பதால், மகளோடு பேசும்போது டேபைப் படுக்கைவாக்கில் நிறுத்துங்கள். நிமிர்த்தி வைத்தால் நீங்கள் வேறெங்கோ பார்த்துப் பேசுவது போலத் தெரியும்.

டேபின் எடை 500 கிராம், உறை சேர்ந்தால் இன்னும் கூடும். படுத்துக்கொண்டு கையில் பிடித்துப் படித்தால் கால் மணியில் மணிக்கட்டு கடுக்கும். நிற்கவைக்கும் கால் உள்ள உறை வாங்குங்கள், ஆனால் தோல் உறை வேண்டாம். உங்கள் ஊர் மழையில் ஜூலைக்குள் பூஞ்சை பூத்துவிடும். சிலிக்கான் அல்லது பிளாஸ்டிக் உறையாக இருக்கட்டும், மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். ஈரக் கையோடு சார்ஜ் செருகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசித் துலா மழையிலும் பிற்பகல் இடி தொடங்கினால் டேப் சார்ஜரையும் மோடம் அடாப்டரையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மினி யுபிஎஸ் இருப்பதால் மோடம் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

கடையில் பேட் 7 தீர்ந்து, அடுத்த மாடலையோ வேறு கம்பெனியையோ காட்டினால் மூன்றே கேள்வி கேளுங்கள்: பிபிஐ 250க்கு மேலா, ரேம் 6 ஜிபிக்குக் குறையாமல் இருக்கிறதா, பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம். மூன்றாவதற்கு நான்குக்குக் குறைவான பதில் வந்தால் அதை வாங்க வேண்டாம்.